மினசோட்டாவின் சோமாலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சோமாலிகள் அதிகமாக வாழும் மாநிலம் மினசோட்டா. அவர்கள் பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரிதான்.

வெயில் நாட்டுக்காரர்கள் போயும் போயும் மினசோட்டாவுக்கா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போகிற ஊர் அது. ஒரே வார்த்தையில் பதில் சொல்லச் சொன்னால் வான்கோழி என்பேன்.

1969 முதல் சோமாலியாவை ஆண்ட சியாத் பர்ரேயின் ராணுவ ஆட்சி 1991 ஜனவரியில் விழுந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, வடக்கில் கலகம் என்று சொல்லி ஹர்கைசா நகரத்தைச் சொந்த நாட்டு விமானங்களே குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியிருந்தன. ஆட்சி போனதும் அந்த இடத்துக்கு இன்னொரு ஆட்சி வரவில்லை. ஆயுதக் குழுக்கள் வந்தன, பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் கென்யாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் ஏமனுக்கும் ஓடினார்கள். கென்யாவில் 1991இல் தொடங்கிய தாதாப் அகதி முகாம்கள் 90,000 பேருக்காகப் போடப்பட்டவை. 2011 பஞ்சத்தின்போது அங்கே நான்கு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள்.

முகாமிலிருந்து அமெரிக்கா வந்தவர்களை அரசாங்கம் பல மாநிலங்களில் பிரித்துக் குடியமர்த்தியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்களில் சிலருக்கு மினசோட்டாவின் மார்ஷல் என்ற சிற்றூரில் வான்கோழி ஆலையில் வேலை கிடைத்தது. ஆங்கிலம் தேவையில்லை, முன்னனுபவம் தேவையில்லை, கத்தி பிடித்து நாள் முழுக்க நிற்கத் தெம்பு இருந்தால் போதும். அந்தச் செய்தி தொலைபேசியில் பரவியது. சான் டியேகோவிலும் டெக்சஸிலும் இறக்கிவிடப்பட்டவர்கள் தங்கள் காசில் பஸ் ஏறி வந்தார்கள். அகதிகளைக் குடியமர்த்துவதில் அங்கிருந்த லூத்தரன், கத்தோலிக்க அமைப்புகளுக்கு 1975க்குப் பின் வந்த வியட்நாமியராலும் லாவோஸ் நாட்டு மாங் மக்களாலும் கை பழகியிருந்தது. அப்புறம் என்ன, அண்ணன் இருக்கும் ஊருக்குத் தம்பி வருவான், தம்பி இருக்கும் ஊருக்கு மச்சான் வருவான். குளிரைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்றில்லை. குளிருக்குக் கோட்டு வாங்கிக்கொள்ளலாம், சொந்தக்காரர்களை எங்கே போய் வாங்குவது?

இப்போது எத்தனை பேர்? எல்லோரும் அகதிகள்தானா?

மாநிலத்தில் சோமாலி வம்சாவளியினர் 80,000க்கும் மேல். பாதிக்கும் அதிகமானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். வெளியே பிறந்தவர்களிலும் பெரும்பாலோர் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். ஆக, 'சோமாலி அகதிகள்' என்று செய்தி வாசிப்பவர் சொல்லும்போது அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களைத்தான்.

'குட்டி மொகதிஷு' என்பது எது?

சோமாலியாவின் தலைநகர் மொகதிஷு. அதன் பெயரில் 'குட்டி' என்று அழைக்கப்படுவது மினியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சீடர்-ரிவர்சைடு பகுதி. அங்கே சிவப்பு, மஞ்சள், நீலப் பலகைகள் பதித்த கான்கிரீட் அடுக்குமாடிகள் நிற்கும். ரால்ஃப் ராப்சன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1973இல் கட்டி முடித்தவை, உயரமானதில் 39 மாடி. எல்லா வருமானக்காரர்களும் கலந்து வாழும் எதிர்கால நகரம் என்று கனவு கண்டு கட்டினார்கள். கனவு அப்படி நடக்கவில்லை, வாடகை குறைந்தது, குறைந்த வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள் குடியேறினார்கள்.

இந்தப் பேட்டைக்கு இது புதிதும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன் இதே தெருக்களில் சுவீடன், நார்வே, டென்மார்க்கிலிருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்கள் மென்று துப்பிய மூக்குப்பொடிப் புகையிலையை வைத்து அந்தச் சாலைக்கே பட்டப்பெயர் இருந்தது. இன்று சோமாலிகளைப் பார்த்து 'நம் வழக்கத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள்' என்பவர்களில் அந்தப் புகையிலைக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

கார்மெல் மால் என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். அங்கே என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் முதல் சோமாலி மால் என்று அதைச் சொல்வார்கள். மால் என்றதும் கண்ணாடி, நகரும் படிக்கட்டு, குளுகுளு என்று நினைக்க வேண்டாம். பல மாடிக் கட்டடம், குறுகலான நடைபாதை, இருபுறமும் ஓர் அறை அளவே உள்ள கடைகள். ஒரு கடையில் அபாயாவும் தீராக் எனப்படும் மெல்லிய துணி உடையும் தரையிலிருந்து கூரைவரை தொங்கும். அடுத்தது தையல்காரர். அதற்கடுத்து மருதாணி போடும் இடம், தங்க நகை, ஊதுபத்திக்குப் பதிலாக உன்சி என்ற சாம்பிராணிக் கலவையும் அதைப் புகைக்கும் மண்சட்டியும் விற்கும் கடை, மக்காவுக்குப் பயணச்சீட்டு போடுபவர், வரிப் படிவம் நிரப்பித் தருபவர். மேலே பள்ளிவாசல். கீழே காப்பிக்கடையில் ஏலக்காய், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்த ஷாஹ் என்ற பால் தேநீரோடு டாக்சி ஓட்டுநர்கள் உரத்த குரலில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். வாகனம் நிறுத்த இடம் கிடைத்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள்.

கடைக்காரர்களில் பெண்கள் நிறையப் பேர். முதல் எப்படி வந்தது என்று கேட்டால் பலர் சொல்வது அயூத்தோ. நம் ஊர்ச் சீட்டேதான், ஏலம் மட்டும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதாமாதம் ஒரு தொகை போடுவார்கள், முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுப்பார்கள். வட்டி இல்லை, அதனால் மார்க்கத்துக்கும் பொருந்தும். வங்கியில் கடன் வாங்க வட்டி தடுக்கிறது, கடன் வரலாறும் இல்லை. சீட்டு இரண்டையும் கேட்பதில்லை, ஆளைத் தெரியுமா என்று மட்டும் கேட்கும்.

இன்னொரு முக்கியமான கவுன்ட்டர் ஹவாலா. இங்கே டாலரைக் கட்டினால் அங்கே பாட்டிக்குப் போய்ச் சேரும். அரசாங்கமும் வங்கியும் இல்லாத நாட்டில் மக்களைப் பட்டினியிலிருந்து காத்தது இந்தப் பணம்தான். வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் இப்படி சோமாலியாவுக்குப் போகிறது. தீவிரவாத நிதிச் சட்டங்களுக்குப் பயந்து வங்கிகள் ஒவ்வொன்றாக விலக, மினசோட்டாவில் இந்த நிறுவனங்களுக்குப் பெரிதும் கைகொடுத்துவந்த வங்கியும் 2011 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2014இல் பண அனுப்பு நிறுவனங்களைக் கண்காணிப்பதை எளிதாக்கும் சட்டம் ஒன்றை அந்தத் தொகுதி உறுப்பினர் கீத் எலிசன் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

தங்களுக்குள்ளேயே கூடி வாழ்கிறார்கள், நாட்டோடு ஒட்டவில்லை என்கிறார்களே?

கூடி வாழ்கிறார்கள், உண்மை. ஒட்டவில்லை என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால், கூடி வாழ்ந்ததால்தான் ஒட்டினார்கள்.

ஓட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பேட்டையில் ஆயிரக்கணக்கான குடியுரிமை பெற்றவர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் நகரம் வார்டு எல்லைகளைத் திருத்தியபோது, எங்கள் ஓட்டு சிதறாமல் இருக்க வேண்டும் என்று மனுக்கொடுத்து வாதாடினார்கள். நாட்டில் எல்லை இல்லாமல் போனவர்கள் வார்டு எல்லைக்காகக் கூட்டம் கூட்டமாகப் போய் நின்றார்கள்! 2013இல் அப்தி வர்சமே நகரமன்ற உறுப்பினரானார். அதற்கு முன்பே 2010இல் ஹுசைன் சமதார் பள்ளிக்கல்வி வாரியத்துக்குத் தேர்வாகியிருந்தார். 2016இல் இல்ஹான் ஒமர் மாநில அவைக்கு, 2018இல் நாடாளுமன்றத்துக்கு. கென்யா முகாமில் நான்கு வருடம் இருந்துவிட்டு 1995இல் அமெரிக்கா வந்தவர் அவர். அவர் முக்காட்டோடு அவைக்குள் நுழைவதற்காக, தலையில் எதுவும் அணியக் கூடாது என்ற 181 வருடப் பழைய விதியை 2019 ஜனவரியில் மாற்றினார்கள்.

2023இல் மினியாபோலிஸ் நகரமன்றம் ஐந்து வேளை பாங்கையும் ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதித்தது. அமெரிக்கப் பெருநகரங்களில் அதுவே முதல். யாரும் கெஞ்சிக் கேட்டு வாங்கியதில்லை. தீர்மானம், பொதுக்கருத்து, வாக்கெடுப்பு என்று உள்ளூர் நடைமுறைப்படி நடந்தது. இதைவிட ஒட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1 என்பது வேடிக்கைக் கதையா?

வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் கதை இல்லை. நாடோடி மேய்ச்சல் குடும்பத்தில், மழை பெய்த வருடம், வறட்சி வந்த வருடம் என்றுதான் கணக்கு. பதிவேடு இருந்த நகரங்களிலும் போரில் எரிந்துபோயின. முகாமில் படிவம் நிரப்பியவர் வருடத்தைத் தோராயமாகக் கேட்டு நாளுக்கும் மாதத்துக்கும் 1, 1 என்று போட்டுவிடுவார். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள் உள்ள வீடுகள் மினியாபோலிஸில் ஏராளம். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் வரிசையிலும் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள்.

பெயர் இன்னும் பெரிய கூத்து. சோமாலிகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம், அமெரிக்கப் படிவத்துக்குத்தான் விளங்காது. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் தாத்தா பெயர் போய் உட்காரும். கல்யாணமானாலும் பெண் பெயரை மாற்றிக்கொள்வதில்லை, அவள் அப்பாவின் மகளாகவே இருப்பாள். விளைவு: அம்மாவுக்கு ஒரு கடைசிப் பெயர், அப்பாவுக்கு வேறு, பிள்ளைகளுக்கு வேறு. பள்ளி அலுவலகத்தில் 'நீங்கள்தான் தாயா?' என்ற கேள்வி வரும். போதாக்குறைக்கு முகமது, அகமது, அலி, ஹசன் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப. ஒரே வகுப்பில் மூன்று முகமது அலி இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? சோமாலிகள் ஊரில் இதைப் பட்டப்பெயர் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். நொண்டி, நெட்டை, பல்லன் என்று கூச்சமில்லாமல் வைப்பார்கள். அமெரிக்கப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அங்கே பிறந்த பிள்ளைகள் தங்களை யாரென்று சொல்கிறார்கள்?

அது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் 'உனக்குச் சோமாலி ஒழுங்காகப் பேச வரவில்லை' என்று பாட்டி சொல்வாள். பள்ளியில் 'உன் உண்மையான ஊர் எது?' என்பார்கள். தெருவில் போலீஸ் வண்டி நின்றால் அவன் கறுப்பினப் பையன், அவ்வளவுதான்.

இந்தக் கடைசி விஷயம்தான் பெற்றோருக்குப் புரியாதது. சோமாலியாவில் எல்லோருமே கறுப்பர்கள், அதனால் யாரும் கறுப்பர் இல்லை. அங்கே ஆளை அளந்தது குலம். பெற்றோர் தலைமுறை புதிதாக ஒரு சோமாலியைப் பார்த்தால் நைசாகக் குலத்தை விசாரித்துவிடும். பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் குலப்பெயரைத் தாண்டி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதற்குப் பதில் நிறம் என்ற அளவுகோல் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட நகரம் இதே மினியாபோலிஸ். அந்தப் போராட்டங்களில் முக்காடு போட்ட சோமாலிப் பெண்கள் நிறையப் பேர் நின்றார்கள். பெற்றோர் பலர் 'இது நம் சண்டை இல்லை' என்று வீட்டில் தடுத்தும் போனவர்களும் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீடர்-ரிவர்சைடில் கூடைப்பந்து ஆடிய பெண்கள், நீளப் பாவாடையும் நழுவும் முக்காடுமாக ஓட முடியாமல் திண்டாடினார்கள். 2015இல் மினசோட்டா பல்கலைக்கழக வடிவமைப்புத் துறையோடு உட்கார்ந்து, தலையில் நிற்கிற முக்காடு, முட்டிவரை வரும் மேலாடை, கால்சட்டை என்று தங்களுக்கான விளையாட்டு உடையைத் தாங்களே வடிவமைத்தார்கள். தாய்மார்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வேலை. ஆடுவதா, அடக்கமா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, இவர்கள் தையல் அளவெடுத்து விவகாரத்தை முடித்துவிட்டார்கள். அடுத்த வருடமே செயின்ட் கிளவுட் ஊரில் வளர்ந்த, கென்யாவின் கக்குமா முகாமில் பிறந்த ஹலீமா ஏதன் முக்காட்டோடும் புர்கினி என்ற உடல் மூடிய நீச்சலுடையோடும் மினசோட்டா அழகிப் போட்டி மேடையில் நின்றார். பெரிய மாடலானார். தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று 2020இல் அந்தத் தொழிலிலிருந்து விலகவும் செய்தார்.

பிள்ளை கெட்டுப்போனால் சோமாலியாவுக்கு அனுப்பிவிடுவார்களாமே?

அனுப்புவதுண்டு. தக்கன் செலிஸ் என்பார்கள், பண்பாட்டுக்குத் திருப்புதல். போதை, கும்பல், பள்ளிக்குப் போகாமை என்று பயந்த பெற்றோர் 'பாட்டியைப் பார்க்கப் போகலாம்' என்று அழைத்துப் போய், கடவுச்சீட்டை வாங்கிவைத்துக்கொண்டு விட்டுவிட்டு வருவார்கள். சிலர் மொழியோடும் உறவுகளோடும் நல்லபடியாகத் திரும்புகிறார்கள். சிலர் கண்டிப்பு விடுதிகளில் சங்கிலியும் அடியுமாகச் சிக்குகிறார்கள். கென்யாவிலும் சோமாலியாவிலும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து மேற்கு நாட்டுப் பிள்ளைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய் சொல்லி விமானம் ஏற்றிய பிள்ளை அப்புறம் எந்த ஊரையும் நம்பாது.

என்ன வேலை பார்க்கிறார்கள்?

இறைச்சி ஆலை, டாக்சி, லாரி, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம், கிடங்கு. இரண்டாம் தலைமுறையில் செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர், மென்பொருள்காரர்.

தொழுகைதான் ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் உரசியது. ஓடும் பட்டையில் கோழி வந்துகொண்டே இருக்கும், சூரியன் மறைந்த சில நிமிடங்களுக்குள் நோன்பு திறக்க வேண்டும். ஒரு ஆள் நகர்ந்தால் வரிசையே நிற்கும். 2008 ரமலானில் நெப்ராஸ்கா, கொலராடோ இறைச்சி ஆலைகளில் இதற்காக வெளிநடப்பும் வேலைநீக்கமும் நடந்தன. மினியாபோலிஸ் விமான நிலையத்தில் மதுபாட்டிலோடு வரும் பயணியை ஏற்ற மாட்டோம் என்று சில ஓட்டுநர்கள் மறுக்க, 2007இல் அப்படி மறுத்தால் உரிமம் நிறுத்தப்படும் என்று விதி வந்தது. அதில் ஓட்டுநர்கள் தோற்றார்கள். என் கருத்தில் தோற்றதும் சரிதான், பொதுச் சேவையில் பயணியின் பையைச் சோதிக்க முடியாது.

மினியாபோலிஸுக்கு அருகே ஷாக்கபியில் உள்ள அமேசான் கிடங்கு வேறு கதை. மணிக்கு எத்தனை பொருள் என்று கணினி கணக்கெடுக்கும் இடம். தொழப் போன நிமிடமும் கணக்கில் விழுந்தது. சோமாலித் தொழிலாளர்கள் அவூத் மையம் என்ற அமைப்பின் மூலம் திரண்டு 2018 டிசம்பரில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், 2019 ஜூலையில் அமேசானின் பெரிய தள்ளுபடி விற்பனை நாளான பிரைம் டே அன்றே வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கமே நுழைய முடியாத அந்த நிறுவனத்தை அமெரிக்காவில் முதன்முதலாகப் பேச்சுவார்த்தைக்கு வரவைத்தவர்கள் இவர்கள் என்று அப்போது எழுதினார்கள். 2023இல் கிடங்கு வேலை வேகக்கணக்கை ஒழுங்குபடுத்த மினசோட்டா சட்டமே போட்டது. அந்தச் சட்டத்தின் பலன் தொழாதவர்களுக்கும் உண்டு.

தட்டம்மை விவகாரம் என்ன?

2017இல் மினசோட்டாவில் 75 பேருக்குத் தட்டம்மை, பெரும்பாலும் சோமாலிக் குழந்தைகள். 2004இல் சோமாலிக் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் தடுப்பூசி போட்டிருந்தார்கள், அதாவது மற்றவர்களைவிட மோசமில்லை. பிறகு தங்கள் பிள்ளைகளிடம் ஆட்டிசம் அதிகமாகத் தெரிகிறதே என்று கலங்கிய பெற்றோருக்கு மருத்துவத் துறையிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. அந்த இடைவெளியில் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் புகுந்தார்கள். மோசடி ஆய்வுக்காக மருத்துவப் பதிவை இழந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டே நேரில் வந்து பேசினார். 2014க்குள் 92 என்பது 42 ஆனது. இதைப் 'படிக்காத அகதிகளின் மூடநம்பிக்கை' என்று எழுதியவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். இந்த நம்பிக்கையை அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை, மேற்கில் வாங்கினார்கள்.

தீவிரவாதம், மோசடி என்றெல்லாம் வருகிறதே? மழுப்பாமல் சொல்லுங்கள்.

சரி. 2007, 2008 வாக்கில் இருபது பேருக்கு மேல் இளைஞர்கள் மினியாபோலிஸிலிருந்து போய் சோமாலியாவின் அல்-ஷபாப் என்ற தீவிரவாத அமைப்பில் சேர்ந்தார்கள். எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் நுழைந்த கோபத்தை வைத்து ஆள்பிடித்தார்கள். ஒருவர் 2008 அக்டோபரில் தற்கொலைத் தாக்குதலில் செத்தார். பிள்ளை காணாமல்போனதும் எஃப்.பி.ஐ.யிடம் போனவர்களில், பகிரங்கமாகப் பேசியவர்களில் அந்த இளைஞர்களின் குடும்பத்தாரும் இருந்தார்கள்.

மோசடி: கொரோனா காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் அரசுத் திட்டத்தில், 'ஃபீடிங் அவர் ஃபியூச்சர்' என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாகப் போடாத சாப்பாட்டுக்குப் பில் போட்டார்கள். 2022 செப்டம்பரில் அரசுத் தரப்பு சொன்ன தொகை 25 கோடி டாலர். நிறுவனத்தை நடத்திய பெண் சோமாலி இல்லை, வெள்ளையர், 2025 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சோமாலி வம்சாவளியினர் என்பதும் உண்மை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை, பசித்த குழந்தையின் பெயரில் திருடினார்கள். திருடியவர்கள் டஜன் கணக்கில், பழி சுமப்பவர்கள் எண்பதாயிரம் பேர்.

டிரம்ப் ஆட்சியில் என்ன ஆயிற்று?

2017 ஜனவரியில் வந்த முதல் பயணத் தடையிலேயே சோமாலியா இருந்தது. 2016 நிதியாண்டில் சுமார் 9,000 சோமாலி அகதிகள் அமெரிக்கா வந்தார்கள், 2018இல் சில நூறு பேர். முகாமில் தாய், மினியாபோலிஸில் பிள்ளை என்று பிரிந்த குடும்பங்களுக்கு இது வெறும் எண் இல்லை. 2017 ஆகஸ்டில் பக்கத்து ஊரான புளூமிங்டனில் தாருல் ஃபாரூக் பள்ளிவாசலில் குண்டு வீசினார்கள்.

2025 ஜூனில் மீண்டும் தடை. டிசம்பரில் அமைச்சரவைக் கூட்டத்திலேயே சோமாலிகளைக் 'குப்பை' என்றார் ஜனாதிபதி. அதே மாதம் கூட்டாட்சிக் குடிநுழைவு அதிகாரிகள் மினியாபோலிஸில் குவிக்கப்பட்டார்கள். போர் நடக்கும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் இருக்க சோமாலிகளுக்குத் தந்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்தை ரத்து செய்வதாகவும் அறிவித்தார்கள், அந்த அந்தஸ்தில் நாடு முழுக்க இருந்ததே சில நூறு பேர்தான். ஆனால் கார்மெல் மாலில் கூட்டம் குறைந்தது. அங்கேயே பிறந்தவர்கள் கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் நடந்தது: சோமாலி அல்லாத அக்கம்பக்கத்தார் விசிலோடு தெருமுனைகளில் காவல் நின்றார்கள்.

மற்ற ஊர்களிலும் இப்படித்தானா?

இல்லை. மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் சுமார் 36,000 பேர் வாழும் ஊர். பிரெஞ்சு-கனடியர்கள் உழைத்த நெசவாலைகள் மூடி, பல வீடுகள் காலியாய்க் கிடந்தன. 2001இல் சோமாலிகள் வரத் தொடங்கினார்கள். 2002இல் அந்த ஊர் மேயர், எங்களால் தாங்க முடியவில்லை, இனி வராமல் இருக்கச் சொல்லுங்கள் என்று சோமாலி சமூகத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதைப் பார்த்து 2003 ஜனவரியில் வெள்ளையின வெறியர்கள் ஊர்வலத்துக்கு வந்தார்கள், சில டஜன் பேர். எதிர்த்துத் திரண்ட உள்ளூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில். 2015இல் லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து அணி மாநிலக் கோப்பையை வென்றபோது அணியில் பெரும்பாலோர் சோமாலிப் பையன்கள். இந்த ஊரில் குடியேறியவர்களில் சோமாலி பாண்டுக்களும் உண்டு. முன்னொரு காலத்தில் தான்சானியா, மொசாம்பிக் பக்கமிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. சோமாலியாவிலேயே ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள், அமெரிக்கா வந்தபின் எல்லோரையும் ஒன்றாகச் 'சோமாலி' என்று பதிவு செய்தது பலருக்கு இன்றும் கசப்பு.

பிரிட்டனில் கதை நூறு வருடம் பழையது. ஏடனில் கப்பல் ஏறி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட சோமாலி மாலுமிகள் கார்டிஃப் துறைமுகத்தில் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான மஹ்மூத் மத்தான் செய்யாத கொலைக்காக 1952இல் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு தவறு என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது 1998இல்.

கனடாவில் தமிழர்களோடு ஒப்பிடலாமா?

ஓரளவு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் போரிலிருந்து தப்பி டொரன்டோவுக்கு வந்த இரண்டு பெரிய கூட்டங்கள் ஈழத் தமிழர்களும் சோமாலிகளும்தான். அவர்கள் ஸ்கார்பரோவில், இவர்கள் மேற்கே டிக்சன் சாலை அடுக்குமாடிகளில். ஒரு வித்தியாசம் பெரியது. அகதி என்று ஏற்றபின்னும் நிரந்தர வசிப்புரிமைக்கு அடையாள ஆவணம் காட்ட வேண்டும் என்று 1993இல் கனடா சட்டம் வந்தது. சோமாலியாவில் ஆவணம் தர அரசாங்கமே கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் அந்தரத்தில் நின்றார்கள். நிரந்தர உரிமை இல்லாமல் பல்கலைக்கழகக் கடன் கிடைக்காது, குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அந்த வயதில் இழந்த வருடங்கள் இழந்ததுதான். அதே 1993இல் பதின்ம வயதில் அகதியாக வந்த அகமது ஹுசேன், 2017இல் அந்த நாட்டின் குடிவரவு அமைச்சரானார்.

திரும்பிப் போனவர்கள் உண்டா?

உண்டு. கடை போட, ஹோட்டல் கட்ட, அரசியல் செய்ய என்று போகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள்மேல் பொறாமையும் கோபமும் உண்டு. நாங்கள் குண்டுக்கு நடுவில் இருந்தோம், நீங்கள் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வந்து பதவியைப் பிடிக்கிறீர்களா என்பார்கள்.

இதில் பேர்போனவர் முகமது அப்துல்லாஹி முகமது. அப்பாவுக்குப் பாலாடைக்கட்டி பிடிக்குமாம், அதனால் மகனுக்கும் 'ஃபர்மாஜோ' என்ற பட்டப்பெயர். நியூயார்க் மாநிலம் பஃபலோவில் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2010இல் கூப்பிட்டுப் பிரதமராக்கினார்கள். எட்டு மாதத்தில் பதவி போனது. பஃபலோவுக்குத் திரும்பி அதே அலுவலகத்தில் அதே வேலையில் உட்கார்ந்தார். 2017இல் மறுபடி போய் ஜனாதிபதியானார், இரண்டு வருடம் கழித்து அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார்.